பாட்டு நம்முடையது; பாடியவர் பெயர் எங்கே?

சங்கத்தின் இளைஞர் பகுதித் தோழர்கள் நம்முன் ஒரு கோரிக்கையை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு திங்களும் வெளிவரும் புதுப்பாடல்களில் தங்களுக்குப் பிடித்த ஐந்தைத் தேர்ந்தெடுத்து எழுத இவ்வேட்டில் ஒரு பக்கம் வேண்டும் என்பதே அது. மூத்த அன்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். "குடிநீர், ரேஷன் அட்டை, வீட்டு உரிமை, தமிழ்ப் பள்ளி என்று எழுத எவ்வளவோ இருக்க, அரசியல் ஏட்டில் சினிமாப் பாட்டுக்கு இடமா?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது நம் கருத்து. ஏன் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ, வீட்டில் அம்மாவோடும் ஆச்சியோடும் மட்டும் தமிழ். அந்தப் பிள்ளைகள்தான் நேற்று வெளியான தமிழ்ப் பாட்டை இன்று வரி பிசகாமல் பாடுகிறார்கள். மூன்றாம் தலைமுறைக்குத் தமிழ் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் பாட்டின் வழியாகத்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் நாள் முழுதும் எதை முணுமுணுக்கிறார்கள் என்பதில் நமக்கு அக்கறை இல்லையென்றால், மொழியைப் பற்றி மேடையில் முழங்குவதில் பொருளில்லை.

மேலும், பாட்டையும் அரசியலையும் பிரித்து வைப்பது நாம் வாழும் இந்த நகரத்தின் வழக்கமும் அன்று. 1944இல் அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் கவாண்கரும் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார்கள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவர்கள் பாடிய பாட்டுகள் பின்னர் ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தின் குரலாகவும் ஆயின. நம் பக்கத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இருக்கிறார். 1959இல் 29 வயதில் மறைந்த அந்தப் பொதுவுடைமைக் கவிஞர், உழைப்பவனின் நியாயத்தைச் சினிமாக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆகவே பாட்டுக்கு இடமா என்று கேட்பதைவிட, எந்தப் பாட்டுக்கு இடம் என்று கேட்பதே பொருத்தம்.

இனி, எப்படிக் கொடுப்பது என்பதற்கு வருவோம். நம் கவலையெல்லாம் இதில்தான்.

முன்பு இசைத்தட்டு நிறுவனங்கள் புதுத் தட்டுகளின் பட்டியலை அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பும். பிறகு கேசட்டுக் காலம் வந்தது. ஊரிலிருந்து ரயிலேறி வருபவர் பெட்டியில் முறுக்கோடும் கருப்பட்டியோடும் இரண்டு புதுக் கேசட்டும் இருக்கும். 2015 சூலை 10 முதல் உலகத்தின் பெரிய இசை நிறுவனங்கள் வெள்ளிக்கிழமையையே புது வெளியீட்டு நாளாக வைத்துக்கொண்டன. இப்போது சென்னையில் வெளியாகும் பாட்டு அதே நொடியில் நம் சந்துக்குள்ளும் வந்து நிற்கிறது. இந்த வேகத்தை நாம் குறை சொல்லவில்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரோடு ஒரே நேரத்தில் பாட்டுக் கேட்க முடிவது பெரிய காரியம்.

ஆனால் இந்த வேகத்தில் ஒன்று தொலைந்து போயிற்று. கேசட்டு அட்டையின் உள்பக்கத்தில் பாடலாசிரியர் பெயரும் பாடகர் பெயரும் பொடி எழுத்திலாவது இருந்தன. தட்டை ஒலிபரப்பும்போது வானொலி அறிவிப்பாளர் பெயர்களைச் சொன்னார். இன்று கைபேசித் திரையில் பெரிதாகத் தெரிவது கதாநாயகன் படம். அதன் கீழே எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை. "யார் பாட்டு?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நடிகர் பெயரைத்தான் சொல்லும். எழுதியவர் யார், பறை அடித்தவர் யார், பின்னணியில் குலவை போட்ட பெண் யார் என்று யாருக்கும் தெரியாது.

கேட்பவன் நினைத்தால் இதை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று உண்டு. 1949இல் பாம்பே டாக்கீஸ் தயாரிப்பில் 'மகல்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் பெரும் புகழ் பெற்ற ஒரு பாட்டின் இசைத்தட்டில் பாடகியின் பெயர் இல்லை. கதைப்பாத்திரத்தின் பெயரான 'காமினி' என்பதே அச்சாகியிருந்தது. பாடியவர் யாரென்று கேட்டு நேயர்கள் வானொலி நிலையத்தை மொய்த்தார்கள். அதன் பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. அவ்வளவு பெரிய குரலுக்கே கேட்டவர்கள் கேட்டுத்தான் பெயர் கிடைத்தது என்றால், சாதாரணக் கலைஞர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் என்பது வெறும் மரியாதைச் சங்கதியா? இல்லை, அது கூலிச் சங்கதி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் 1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கூலி கொடுத்துப் படத்துக்காகப் பாட்டு எழுதவும் இசையமைக்கவும் வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்றது அத்தீர்ப்பு. அதே வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுகிறவனுக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாதிருப்பதைத் தனியே குறிப்பிட்டு வருந்தினார். நிலைமை மாற 35 ஆண்டுகள் பிடித்தன. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையிலும் வெளியிலும் வாதாடினார். 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு ஈட்டும் ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்ததாகப் போடும் ஒப்பந்தம் செல்லாது. பாடகர்களுக்கும் ராயல்டி உரிமை வந்தது.

சட்டம் வந்துவிட்டது; பழக்கம் வரவில்லை. 2017இல் தம் பாடல்களை மேடையில் பாடுவதற்கு அனுமதி வேண்டும் என்று இளையராஜா வழக்கறிஞர் வழியாக எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அறிவிக்கை அனுப்பியபோது, நம்மவர்களில் எத்தனை பேர் "இவ்வளவு சம்பாதித்தும் பேராசையா?" என்று பேசினோம்! அந்த வழக்குகளின் நியாயம் எப்பக்கமும் இருக்கட்டும். ஆலையில் மிகைநேர வேலைக்குக் கூலி கேட்டால் உரிமை என்கிறோம், பாட்டுக்குக் கேட்டால் பேராசை என்கிறோம். உழைப்பாளிகள் சங்கத்துக்கு இந்த இரட்டை நாக்கு அழகல்ல.

இளைஞர்கள் கேட்கும் பக்கம் முன்பே இருந்திருந்தால் அதில் எவை வந்திருக்க வேண்டும் என்பதற்கு மூன்று திங்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம்.

முதலாவது, 2018 சனவரி. அந்தத் திங்கள் 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்த்த குழு அது. பெயர் அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. சாவு வீட்டுக்கு மட்டும் வேண்டும், சபைக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டிருந்த கானாவும் பறையும் அன்று கித்தாரோடு சமமாக நின்றன. ஆண்களின் பாட்டாகவே இருந்த கானாவை அக்குழுவில் இசைவாணி பாடினார், 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

இரண்டாவது, 2018 மே. 'காலா' படப் பாடல்கள் வெளியான திங்கள். சந்தோஷ் நாராயணன் இசை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவரின் கதைக்குத் தாராவிப் பிள்ளைகளே பாட்டுக் கட்டியதுதான் அதில் நமக்குப் பெருமை. 'டோப்பாடெலிக்ஸ்' என்ற நம் தாராவிக் குழு அதில் எழுதியது, பாடியது. 'உரிமையை மீட்போம்' என்ற பாட்டை அறிவு எழுதினார். 'கண்ணம்மா' என்ற பாட்டை எழுதியவர் உமாதேவி. அந்தக் காதல் பாட்டைத் தெரியாதவர்கள் நம் பகுதியில் இல்லை. அதை எழுதியவர் ஒரு பெண் என்பதைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாருக்கும் அது 'ரஜினி பாட்டு'.

மூன்றாவது, 2021 மார்ச். அந்தத் திங்கள் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. படமில்லை, கதாநாயகன் இல்லை. அறிவும் தீயும் பாடிய தனிப்பாட்டு, தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. அதன் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் குடும்பக் கதை. பாட்டியார் வள்ளியம்மாளின் பெயர் பாட்டுக்குள்ளேயே வருகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு அரசுகளும் அவர்களைக் கேட்காமலே கணக்குப் பிரித்தன. காட்டைத் திருத்தியவனுக்குக் காணி நிலம் இல்லை என்ற துயரத்தை ஆட்டம் போட வைக்கும் தாளத்தில் சொன்ன பாட்டு அது. ஊரை விட்டுப் பிழைக்க வந்த ஒவ்வொருவருக்கும் அது சொந்தப் பாட்டு.

அதன் பிறகு நடந்ததையும் நாம் பார்த்தோம். 2021 ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழ், பாட்டின் புகழைச் சொல்லி அட்டைப்படம் போட்டது. அதில் அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கென்று இன்னோர் அட்டை வந்தது. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியபோது, யார் எழுதியது, யார் இசையமைத்தது என்ற பூசல் வெடித்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் ஒன்று தெளிவு. நாட்டையே ஆட வைத்த பாட்டுக்கே பெயரிலும் கூலியிலும் இத்தனை தகராறு என்றால், நம் சந்தில் கைபேசியில் பதிவுசெய்து பாட்டு வெளியிடும் பையனுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

ஆகவே இளைஞர் தோழர்களுக்குப் பக்கம் உண்டு. சில விதிகளும் உண்டு.

ஒன்று: பாட்டின் பெயரோடு எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், தெரிந்தவரை வாசித்தவர் பெயர்களும் வர வேண்டும். நடிகர் பெயர் வேண்டியதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் சுவர் இருக்கிறது.

இரண்டு: ஐந்தில் இரண்டாவது சினிமாவுக்கு வெளியே பிறந்த பாட்டாக இருக்கட்டும். அவற்றில் ஒன்று நாம் வாழும் இந்த நகரத்தில் பிறந்ததாக இருக்கட்டும். இந்தியும் மராத்தியும் தமிழும் கலந்து நம் பிள்ளைகள் பாடுகிறார்களே என்று தூய தமிழ் அன்பர்கள் வருந்த வேண்டாம். 2019இல் 'கல்லி பாய்' என்ற இந்திப் படம் வந்த பிறகு தாராவிச் சந்துகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. நம் சந்தைப் பற்றிப் பிறர் பாடும்வரை காத்திருப்பதை விட, நம் பிள்ளைகளை நாமே முதலில் கேட்பது நல்லது.

மூன்று: எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது சான்றாகாது. எண்ணிக்கையை விளம்பரத்தால் ஏற்றலாம். உங்கள் காதுதான் உங்களுக்கு அளவுகோல். ஏன் பிடித்தது என்று மூன்று வரி எழுதுங்கள். எழுத முடியாத பாட்டை விட்டுவிடுங்கள்.

நான்கு: தாளம் நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சாதிப் பெருமைப் பாட்டையும், பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று சொல்லும் பாட்டையும் பட்டியலில் ஏற்றக்கூடாது. கோயில் கொடையிலும் கல்யாண ஊர்வலத்திலும் அத்தகைய பாட்டுகள் ஒலிபெருக்கியில் முழங்குவதை நாம் அறிவோம். மெட்டு நல்ல மெட்டு, சொல் நஞ்சு என்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

ஐந்து: இது இளைஞர்களுக்கு மட்டுமல்ல, சங்கத்துக்கும் சேர்த்து. பட்டியலில் பாராட்டப்படும் உள்ளூர்க் கலைஞரைப் பொங்கல் விழாவுக்கு அழைத்தால், "மேடை தருகிறோமே, போதாதா?" என்று சொல்லக்கூடாது. பேசிய தொகையை மேடை இறங்கும்போதே கையில் கொடுக்க வேண்டும். பாட்டு ஒரு முறை கேட்கப்பட்டால் கலைஞனுக்குப் போய்ச் சேருவது பைசாக் கணக்கு. மேடைக் கூலிதான் அவன் வீட்டில் உலை வைக்கிறது.

இளைஞர் பகுதித் தோழர்கள் முதல் பட்டியலை வரும் 10ஆம் தேதிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடட்டும். பெயர்கள் விடுபட்ட பட்டியல் அச்சேறாது.