புயல் பாடத்தை யார் நடத்துவது?

பேரிடர் மேலாண்மை என்பது தொழில்நுட்பப் படிப்பு, அதை எந்தக் கல்லூரி நடத்தினாலும் ஒன்றுதான், ஒடுக்கப்பட்டோருக்கான கல்லூரிகளுக்கு அதில் தனி வேலை இல்லை என்று ஒரு வாதம் உலவுகிறது. ஆந்திராவின் சூளூர்பேட்டையில் நின்று கேட்டால் நியாயமாகவே படும். பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் புயலைக் கண்காணிக்கும் டாப்ளர் ராடார் இருக்கிறது. இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோள் 2024 பிப்ரவரி 17 அன்று அங்கிருந்துதான் கிளம்பியது.

முன்னறிவிப்பு சரியாக இருந்தால் உயிர் தப்பலாம் என்பது முதல் வாதம். 2005இல் கத்ரினா புயல் வருவதை நியூ ஆர்லியன்ஸ் முன்கூட்டியே அறிந்திருந்தது. கரையைத் தொடுவதற்கு முந்தைய நாளே, ஊரைக் காலி செய்யும்படி மேயர் உத்தரவிட்டார். கார் வைத்திருந்தவர்கள் போனார்கள். கார் இல்லாத ஏழைகள், பெரும்பாலும் கருப்பின மக்கள், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

நிவாரணம் சாதி பார்க்காது என்பது இரண்டாவது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரணத்தில் சாதி, பால், மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 61ஆம் பிரிவில் சொல்கிறது. இல்லாத நோய்க்கு யாரும் மருந்து எழுதிவைப்பதில்லை.

தானே மூழ்கிய கல்லூரி என்ன பாடம் நடத்திவிடும் என்பது மூன்றாவது கேள்வி. அமெரிக்காவில் 1964க்கு முன் கருப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளில் நியூ ஆர்லியன்ஸின் டில்லர்டும் ஒன்று. கத்ரினா அதன் வளாகத்தை மூழ்கடித்ததால், 2006இன் முதல் பாதியில் வகுப்புகள் ஒரு ஹோட்டலில் நடந்தன. அதே நகரில், கருப்பினக் கல்லூரியான சேவியரில் 1992இல் பெவர்லி ரைட் தொடங்கிய சுற்றுச்சூழல் நீதி மையம், 2006இல் உருக்குத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து களமிறங்கியது. வெள்ளம் விட்டுப்போன நச்சு மண்ணை வீட்டு முற்றங்களிலிருந்து வெட்டி அகற்றிப் புதுப் புல் பதித்தார்கள். தண்ணீர் வடிந்ததும் வீடு திரும்புவது எப்படி என்ற பாடம் தெருவிலேயே நடந்தது.

தனிக் கல்லூரி என்றால் மற்றவர்களுக்குக் கதவடைப்பு என்பார்கள். அதுவும் தவறு. இக்கல்லூரிகளில் எந்த இனத்தவரும் சேரலாம். அவற்றில் ஒன்றான, உப்புச் சதுப்பை ஒட்டி நிற்கும் சவானா மாநிலப் பல்கலைக்கழகம் அவசரகால மேலாண்மையில் பட்டமே தருகிறது.

சூளூர்பேட்டைக்கு அருகே, பழவேற்காடு ஏரியைச் சுற்றி யானாதிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவை விட்டு வெளியேறியவர்களில் அவர்களும் உண்டு. எந்தக் குடிசையில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வழியாக வெளியேறலாம் என்பதை ராடார் சொல்லாது, அவர்கள் சொல்வார்கள். சூளூர்பேட்டைக் கல்லூரிகளில் பேரிடர் மேலாண்மையைப் பட்டப்படிப்பாக நடத்தி, யானாதி, மீனவர் வீட்டுப் பிள்ளைகளை முதல் வரிசையில் உட்காரவைக்க ஆந்திர அரசு முன்வர வேண்டும்.