கட்டுவிரியனா? வெள்ளிக்கோல் வரையனா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பாறையும் புதருமாகக் கிடந்த நிலங்களில் இன்று தொழிற்சாலைகளும் வீடுகளும் நிற்கின்றன. பாம்பு எங்கே போகும்? அதுவும் அங்கேயேதான் இருக்கிறது. செங்கல் அடுக்கில், விறகுக் கட்டில்.

முன்பு பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுவார்கள். இப்போது கைப்பேசியில் படம் பிடித்து, விவரம் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, "இது என்ன பாம்பு?" என்று கேட்கிறார்கள். நல்ல பழக்கம்தான்!

எல்லை ஊர் அல்லவா? இங்கே பெயரே குழப்பம். தமிழில் கட்டுவிரியன், தெலுங்கில் கட்லபாமு, கன்னடத்தில் கட்டு ஹாவு. படத்துக்கு மொழி கிடையாது.

ஆனால் எதைப் படம் பிடிப்பது?

பலரும் தலையையே பிடிக்கிறார்கள். வேண்டியது முதுகு! கழுத்து முதல் வால் வரை, மேலிருந்து தெரிய வேண்டும்.

கட்டுவிரியன் பளபளக்கும் கறுப்பு. மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். கழுத்தருகே மங்கலாக இருந்து, வால் பக்கம் தெளிவாகும். கொடிய விஷம்!

வெள்ளிக்கோல் வரையன் நேர்மாறு. கழுத்தருகே பட்டைகள் பளிச்சென்று இருக்கும். வால் பக்கம் மங்கிப்போகும். பல்லி தேடிச் சுவரேறி வரும் இந்தப் பாம்புக்கு விஷமே இல்லை. உருவ ஒற்றுமையால் வீணாக அடிபட்டுச் சாகிறது, பாவம்.

படம் மங்கலா? விரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள். சில அடி தள்ளி நின்று எடுத்த படமே போதும்.

கடித்துவிட்டால்?

அப்போது படமும் வேண்டாம், பாம்பைத் துரத்தவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான விஷத்தைச் சேகரித்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள், வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள்.

கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி தெரியாது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியுமுன் வயிறு வலித்து, கண் இமை சொருகினால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். மந்திரிக்கப் போனால் நேரம் போய்விடும்.

பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. அத்தோடு, இந்த நான்கு பாம்புகளின் வண்ணப் படங்களையும் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாட்ட வேண்டும். பக்கத்தில் வெள்ளிக்கோல் வரையனும் இருக்கட்டும். பெயர்கள் மூன்று மொழியிலும், பெரிய எழுத்தில்!