நோயுரைத்த மொழி எங்கே?

நோயுற்றவன் தன் தாய்மொழியிலேயே நோகின்றான். எத்துணை மொழி கற்றவனாயினும், நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்குங்கால் அவன் வாயினின்று வருவது தாய் கற்பித்த சொல்லே. அச்சொல்லைக் கேட்டே மருத்துவன் நோயை அறிகின்றான். பலரிடம் கேட்டறிந்ததைத் தொகுத்து ஆய்வுக் கட்டுரையாக்குகின்றான். ஆயின், அக்கட்டுரை அச்சேறி வருங்கால், நோயுரைத்த மொழி அதில் ஒரு சொல்லளவும் இருப்பதில்லை. இக்குறைக்கு யார் பொறுப்பு? மருத்துவர் மட்டுமா? நாமுமா? இவ்வினாவைத் தமிழன்பர்முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவ ஆய்வைப்பற்றித் தமிழாசிரியனுக்கு என்ன தெரியும் எனக் கேட்பீர்கள். முறையான வினாவே. என்னிடம் பள்ளியிற் பயின்ற ஒருவர் இன்று அரசு மருத்துவமனையொன்றில் மருத்துவராக உள்ளார். ஓராண்டுக்குமுன் அவர் ஒரு கட்டுத் தாளுடன் என் வீட்டிற்கு வந்தார். "ஐயா, நீரிழிவு நோயாளிகள் காலில் புண் வந்த பின்னும் காலந்தாழ்த்தியே மருத்துவமனைக்கு வருகின்றனர். ஏனென்று ஆராய்கின்றேன். நோயாளிகள் கையெழுத்திட வேண்டிய இசைவுப் படிவத்தையும் அவர்களைக் கேட்கவேண்டிய வினாக்களையும் தமிழிற் பார்த்துத் தரவேண்டும்" என்றார்.

படிவத்தைப் படித்தேன். பாதிச் சொற்கள் தமிழெழுத்தில் எழுதிய ஆங்கிலம். மீதியிற் பாதி வடசொற்கள். எனக்குச் சினம் வந்தது. சிவப்பு மையை எடுத்துச் சொல்லுக்குச் சொல் திருத்தினேன். திருத்திய படிவத்தை அடுத்த வீட்டு மூதாட்டிக்குப் படித்துக் காட்டினேன். அவர்க்கும் நீரிழிவு உண்டு. கேட்டு முடித்தபின், "ஒண்ணும் வெளங்கலையே ஐயா" என்றார்! சொற்களெல்லாம் தூய தமிழே. ஆயினும் ஒரு சொற்றொடர் எட்டு வரி நீண்டது; அதற்குள் மூன்று செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. ஆங்கிலச் சொற்களை நீக்கிய நான் ஆங்கிலச் சொற்றொடரமைப்பை அப்படியே விட்டிருந்தேன். மீண்டும் அமர்ந்து எழுதினேன். "நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் உங்களுக்குரிய மருத்துவம் நிற்காது" என ஒரு வரி எழுதினேன். அதனைக் கேட்டதும் அம்மூதாட்டி, "இத மொதல்லயே சொல்லப்படாதா ஐயா?" என்றார். தூய்மை வேறு, தெளிவு வேறு. இரண்டும் சேர்ந்தாலன்றித் தமிழ் பயன்படாது என்பதை அன்று அவரிடம் கற்றேன்.

அதன்பின் அத்தம்பியின் கட்டுரை உருவான ஒவ்வொரு படியையும் உடனிருந்து கண்டேன். கண்டவற்றுள் தமிழர் கற்கவேண்டியவை பல. 1978-ஆம் ஆண்டு கனடா நாட்டின் வான்கூவர் நகரில் மருத்துவ இதழாசிரியர் சிலர் கூடினர். இதழ்தோறும் வெவ்வேறாயிருந்த எழுத்துமுறைகளை ஒருமுறைப்படுத்தி, 1979-இல் நெறிகளை வெளியிட்டனர். அவர்தம் அனைத்துநாட்டுக் குழுவே இன்றளவும் அந்நெறிகளைத் திருத்தியும் பெருக்கியும் வருகின்றது.

கட்டுரைக்கு நான்கு உறுப்புகள். ஏன் ஆராய்ந்தோம் என்பது முன்னுரை. எவ்வாறு ஆராய்ந்தோம் என்பது செய்முறை. என்ன கண்டோம் என்பது விளைவு. அதன் பொருள் என்ன, அதன் குறைபாடு என்ன என்பது ஆய்வுரை. செய்முறை, அதனைப் படித்த இன்னொருவர் அவ்வாய்வைத் திரும்பச் செய்யுமளவிற்கு விளக்கமாக இருத்தல் வேண்டும். விளைவில் கண்டதன்றிக் கருதியது கலத்தலாகாது. தன் ஆய்வின் குறையைத் தானே ஆய்வுரையிற் சொல்லவேண்டும். தொடக்கத்தில் சுருக்கம் ஒன்று. பல இதழ்களில் அஃது ஏறத்தாழ 250 சொற்களுக்குள் அடங்கவேண்டும். புகழ்மாலைகளும் அடுக்கு மொழிகளும் நிறைந்த நம் மேடைப் பேச்சிற்குப் பழகிய எனக்கு இக்கட்டுப்பாடு வியப்பளித்தது. ஆயினும் நூலுக்குப் பாயிரமும், குற்றமும் அழகும் உத்தியும் வகுத்தது நம் தமிழ் மரபன்றோ? நன்னூலில் மாணாக்கர் பயில்வது இவற்றைத்தாமே? சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் நமக்குப் புதியனவல்ல, நாம் மறந்தவை.

கட்டுரையில் ஆசிரியரெனப் பெயர் பெறுதற்கும் நெறியுண்டு. ஆய்வைத் திட்டமிட்டோ, தரவு திரட்டியோ, ஆராய்ந்தோ பெரும்பங்கு ஆற்றியிருத்தல் வேண்டும். கட்டுரையை எழுதியோ, பொருளறிந்து திருத்தியோ இருத்தல் வேண்டும். இறுதிப்படிக்கு ஒப்புதல் தந்திருத்தல் வேண்டும். முழுமைக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். நான்கும் ஒருங்கே அமைந்தவரே ஆசிரியர். தம்பி என் பெயரையும் ஆசிரியருட் சேர்க்க விரும்பினார். "படிவந் திருத்தியவன் ஆய்வாளன் ஆகான், நன்றியுரையில் ஒரு வரி போதும்" என மறுத்தேன். மதிப்பிற்காகப் பெயர் சேர்த்தலும் உழைத்தவர் பெயரை விடுத்தலும் அவ்வுலகிற் குற்றங்கள். நம் மலர்களிலும் தொகைநூல்களிலும் இந்நெறியை நாம் பின்பற்றுகின்றோமா என ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

அறநெறிக் குழுவின் ஒப்புதல், நோயாளியின் இசைவு, பொருளுதவி தந்தவர் யாரெனும் வெளிப்படை ஆகியன கட்டுரையில் இடம்பெறவேண்டும். ஒரே கட்டுரையை ஒரே காலத்தில் ஈரிதழ்களுக்கு விடுத்தலாகாது. பணங் கட்டினால் ஒரு கிழமையில் அச்சிடுவோம் என மின்மடல் விடுக்கும் போலி இதழ்களும் உள. தம்பிக்கும் அத்தகைய மடல்கள் வந்தன; அவற்றை அவர் ஒதுக்கினார். நல்லிதழோ கட்டுரையை அத்துறையறிந்த மதிப்பீட்டாளர்க்கு விடுத்து, அவர் கேட்கும் ஒவ்வொரு வினாவிற்கும் விடை பெற்ற பின்னரே அச்சேற்றும்.

முதலில் விடுத்த இதழ் கட்டுரையைத் திருப்பிவிட்டது. இரண்டாவது இதழினின்று மதிப்பீட்டாளரின் வினாக்கள் வந்தன. அவற்றுள் முதல் வினா எதைப்பற்றியது? தமிழைப் பற்றியது! "நோயாளிகளிடம் எம்மொழியிற் கேட்டீர்? வினாக்களை மொழிபெயர்த்தவர் யார்? தமிழ்ப்படியை, மூலத்தைப் பாராத வேறொருவரைக்கொண்டு மீண்டும் ஆங்கிலத்திற் பெயர்த்து ஒப்பிட்டீரா?" என அவர் கேட்டிருந்தார். தம்பி அவ்வாறு ஒப்பிட்டிருந்தமையாற் பிழைத்தார். அவ்வொப்பீட்டின்போதே, 'உணர்விழப்பு உண்டா?' என்னும் வினாவைப் பலர் 'மயக்கம் வருமா?' எனப் பொருள்கொண்டமை தெரியவந்தது. 'கால் மரத்துப் போகிறதா?' என மாற்றிய பின்னரே உண்மை விடைகள் வந்தன. "பஞ்சுமேல நடக்குறாப்புல இருக்கு" என நோயாளிகள் தாமே உவமை கூறினர். நரம்பு கெட்ட காலின் இயல்பை இதனினும் தெளிவாக எந்நூல் உரைக்கும்?

பாருங்கள் அன்பர்களே! ஆங்கில இதழின் மதிப்பீட்டாளர்க்குத் தமிழின் இன்றியமையாமை தெரிகின்றது. நமக்குத் தெரியவில்லை! கட்டுரை அச்சாகி வந்தது. அட்டவணைகளில் அந்நோயாளிகளின் கால்கள் எண்களாக நின்றன. பஞ்சின்மேல் நடந்த உவமை ஓர் ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கியிருந்தது. தங்கள் காலைப்பற்றிக் கண்டறிந்ததை அவர்களுள் ஒருவரேனும் படிக்க இயலாது.

இஃது ஒரு கட்டுரையின் கதையன்று. 1956-இல் சென்னையில் என்புருக்கிநோய் மருந்தாய்வு நடுவம் தொடங்கப்பெற்றது. நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு வீட்டிலும் மறு கூறினர்க்கு நோயர் இல்லத்திலும் ஓராண்டு பண்டுவம் செய்தனர். சென்னையின் நெருக்கடி மிக்க குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை எளியவரே அந்நோயாளிகள். வீட்டுப் பண்டுவம் நோயர் இல்லப் பண்டுவத்திற்கு ஏறத்தாழ ஒப்பானதே. அதனால் வீட்டிலுள்ளோர்க்கு நோய் மிகுதியாகப் பரவவுமில்லை. 1959-இல் இவ்வாய்வு உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தது; உலகெங்கும் என்புருக்கிநோய்ப் பண்டுவத்தின் போக்கையே மாற்றியது. உலகிற்கு வழிகாட்டிய அவ்வேழைகளின் பெயரன் பெயர்த்தியருள் எத்துணைப் பேர் இதனைத் தம் மொழியிற் படித்திருப்பர்?

"ஆங்கிலத்தில் எழுதாவிடில் உலகம் அறியுமா?" என்பர். ஆங்கிலத்தில் எழுதவேண்டா என நாம் சொல்லவில்லை. ஆயின், பிறமொழியில் எழுதியது அறிவியலாகாது என்பாரின் அறியாமையைச் சுட்டவேண்டும். இராபர்ட்டு கோக்கு 1882-இல் என்புருக்கிநோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்து உரைத்தது செருமன் மொழியில். சப்பானிய மருத்துவர் கவாசாகி, தாம் கண்ட 50 குழந்தைகளின் புதுநோயை 1967-இல் எழுதியது சப்பானிய மொழியில். ஆங்கிலத்தில் அஃது 1974-இலேயே வந்தது. இன்று உலக முழுமையும் அந்நோய்க்கு அவர் பெயரே வழங்குகின்றது. முறைக்காய்ச்சலுக்கு மருந்து கண்ட சீன ஆய்வுக் குழுவினர் 1977-இல் அம்மருந்தின் அமைப்பை வெளியிட்டது சீன மொழியில். அப்பணிக்காகத் தூ யூயூ அம்மையார் 2015-இல் நோபல் பரிசு பெற்றார். தம் மொழியில் எழுதியதனால் இவர்தம் அறிவு குன்றிற்றா? தம் மக்களுக்கும் உரைத்தனர், உலகிற்கும் உரைத்தனர்.

தமிழுக்கு இவ்வாற்றல் இல்லை என்பார்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் விடைகூறும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847-இல் ஆங்கு வந்து, தமிழ் கற்று, தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு முதலிய துறைநூல்களைத் தமிழாக்கினார். அவர் நூல்களில் வடசொற்கள் மலிந்துள்ளன. அக்குறையை நாம் நீக்கலாம். நூற்றைம்பது ஆண்டுகட்குமுன் அயலார் ஒருவர் செய்ததைத் தமிழ் மருத்துவர் ஆயிரக்கணக்கினர் இன்று செய்யவியலாதோ?

இதற்கு இதழ்நெறி தடை எனச் சிலர் கருதுவர். தடையன்று, வழியே உண்டு. முன்னே சொன்ன அனைத்துநாட்டுக் குழுவின் நெறிகளே, வெளிவந்த கட்டுரையை வேறு மொழியில் வேறு படிப்பாளர்க்காக இரண்டாம் முறை வெளியிடலாம் என்கின்றன. ஈரிதழ் ஆசிரியரும் ஒப்பவேண்டும். முதல் வெளியீட்டின் முதன்மை காக்க, இடைவெளி விடவேண்டும். கண்டதையும் கருத்தையும் திரிக்கலாகாது. முன்பு எங்கு வந்தது என்பதைக் குறிப்பிடவேண்டும். இரண்டாம் வெளியீடு என்பது தலைப்பிலேயே தெரியவேண்டும். சுருக்கப்படியாகவும் இருக்கலாம். வேறென்ன வேண்டும்? கதவு திறந்தே உள்ளது; நாம்தாம் நுழையவில்லை.

நுழையாமைக்கு நம் பிழையும் உண்டு. நாம் பார்க்கும் தமிழ் மருத்துவ இதழ்களிற் பெரும்பாலானவை நலக்குறிப்பிதழ்களே. மதிப்பீட்டாளர் பார்த்துத் திருத்திய பின் அச்சிடும் ஒழுங்கு நம்மிடம் அரிது. ஒப்பீடும் எண்ணிக்கையும் இன்றி, 'இவ்வேர் எல்லா நோயையும் தீர்க்கும்' என ஒருவர் எழுதினால், தமிழில் எழுதினார் என்பதற்காகவே அச்சிடுகின்றோம். தமிழில் வந்த பொய்யும் பொய்யே. அஃது ஆங்கிலப் பொய்யினும் கொடிது; நம் மக்கள் அதனை நம்பி மருந்தை நிறுத்துவர். கலைச்சொல்லிலும் நம் குறை உண்டு. ஒரு பொருளுக்கு ஐவர் ஐந்து சொல் ஆக்கி, ஐவரும் தத்தம் சொல்லுக்காகப் பூசலிடுகின்றோம். மருத்துவர் எதை எடுப்பார்? சலித்து ஆங்கிலத்தையே எடுப்பார்.

ஆகலின் மூன்று பணிகளைத் தொடங்குவோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் தமிழாசிரியர் சிலர், ஆய்வுசெய்யும் மருத்துவர்க்கு இசைவுப் படிவமும் வினாத்தாளும் எளிய நல்ல தமிழில் எழுதித் தருதல் வேண்டும். எழுதியதை முதலில் ஒரு நோயாளிக்குப் படித்துக் காட்டுதல் வேண்டும். மக்கள் நாவில் வழங்கும் நோய்ச்சொற்களைத் திரட்டி, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என நிலைப்படுத்துதல் வேண்டும்; மரமரப்பு, குத்தல், குடைச்சல், கடுகடுப்பு என நோவின் வகையை நுட்பமாகப் பிரித்துரைக்கும் சொற்கள் உழவரிடமும் பாட்டியரிடமும் கிடக்கின்றன. மூன்றாவதாக, ஆண்டிற்கு ஈரிதழாயினும் கடுமையான மதிப்பீட்டுடன் மருத்துவ ஆய்விதழ் ஒன்றைத் தமிழில் நடத்துதல் வேண்டும். தகுதியற்ற கட்டுரையை, நம் நண்பர் எழுதியதாயினும், திருப்பிவிடும் துணிவு அதற்கு வேண்டும்.

தமிழ் மருத்துவர்களே! உங்கள் ஆய்வின் மூலப்பொருள் தமிழ் மக்களின் உடலும் உரையும். அவர்களிடம் தமிழிற் கேட்டுப் பெற்றதைத் தமிழில் திருப்பித் தருதல் ஈகையன்று, கடன். ஆங்கிலத்தில் எழுதுக, உலகம் அறியட்டும். தமிழிலும் எழுதுக, உரியவர் அறியட்டும்.

அத்தம்பி இப்பொழுது தம் கட்டுரையின் தமிழ்ச் சுருக்கப்படியை எழுதி வருகின்றார். முதல் இதழின் ஆசிரியர் ஒப்புதலும் தந்துவிட்டார். அதனை ஏற்கும் தகுதியுடைய தமிழிதழை நாம் எப்பொழுது தரப்போகின்றோம்?