வானப் பந்தயமும் பொது விதியும்

நெய்த துணியே இறக்கையாக, எந்திரமின்றி மலைச்சரிவினின்று எழுந்து, வெயிலால் சூடேறி எழும் காற்றைப் பற்றி நெடுந்தொலைவு செல்வதே பாராகிளைடிங் பந்தயம். எழுகாற்று கண்ணுக்குப் புலப்படாது. ஒருவர் வட்டமிட்டு ஏறுவதைக் கண்டும் மற்றவர் அதனை அறிகின்றனர். ஆதலால் முன்சென்று வழிகாட்டுவோர்க்குத் தனிமதிப்பெண் உண்டு. வீழ்ந்தவர்க்கு உதவ இறங்கியவர் அதனால் இழப்படையலாகாது என்பதும் விதி. இவற்றை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆயினும், 2011 ஜூலையில் ஸ்பெயின் நாட்டுப் பியெத்ராயித்தாவில் நடந்த உலகப் போட்டியில் ஒரே நாளில் இருவர் மாண்டனர். அதன் பின்னரே, பாதுகாப்புச் சான்று பெறாத அதிவேக இறக்கைகள் விலக்கப்பட்டன. எஞ்சிய சுற்றுகளும் நிறுத்தப்பட்டன. பெருஞ்செலவில் கூட்டிய விழாவை நடுவில் நிறுத்துதல் எளிதன்று. அம்முடிவு சரியே, ஆனால் காலந்தாழ்ந்தது என்பது நமது கருத்து.

வேகம் நாடிச் சிலர் சான்றில்லா இறக்கையை ஏற்பின், பின்தங்க விரும்பாத ஏனையோரும் அதனையே நாட நேர்கிறது. தனித்து விலகுவோர் தோற்பர். ஒருவர் இழை குறைத்து மலிவாக விற்றால் சந்தையில் அனைவரும் குறைக்க நேரிடும் என்பதை அறிந்த நெசவாளர்க்கு இது புதிதன்று. எல்லோரையும் ஒருசேரக் கட்டும் விதியே எல்லோரையும் காக்கும். அவ்விதி விபத்துக்கு முன்னரே வருதல் வேண்டும்.