டிபி என்றால் ஏன் குரல் தாழ்கிறது?

நம்ம ஆட்களிடம் சர்க்கரை, பிரஷர், ஏன் பைபாஸ் பற்றிக்கூடத் தயங்காமல் பேசலாம். 'டிபி' என்றதும் குரல் தாழ்ந்துவிடும். வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும், விசாவில் சிக்கல் வரும் என்ற பயம். இந்தியாவோ இலங்கையோ, எங்கிருந்து வந்தாலும் இந்தப் பயமும் நம்மோடு விமானம் ஏறி மவுண்ட் ஆல்பர்ட் வரை வந்துவிட்டது.

நியூசிலாந்தில் ஆண்டுக்குச் சுமார் 300 பேருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் அதில் கணிசம். "விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரே கிளியராக இருந்ததே" என்பார்கள். உடலில் உறங்கிக் கிடக்கும் கிருமி எக்ஸ்ரேயில் தெரியாது. பல வருஷம் கழித்தும் அது விழிக்கலாம்.

சாதாரணக் காசநோய் ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். ஆனால் ஒளித்து ஒளித்து எத்தனை நாள் மாத்திரை போட முடியும்? நடுவில் நிறுத்தினால் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் மசியாத கிருமி உருவாகலாம். அது அடுத்தவருக்கும் அப்படியே தொற்றும்.

இந்த மௌனத்தை உடைத்தவர்களில் ஒருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன். இரண்டு முறை காசநோய் வந்தவர். சிகிச்சையில் போட்ட ஊசிமருந்தால் கேட்கும் திறனை இழந்தவர். தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேவுக்கும் அதே கதி. அந்த ஊசிகளுக்குப் பதிலாக வந்த மாத்திரைதான் பெடாகுயிலின். அதன் மீதான காப்புரிமையை ஜான்சன் அண்ட் ஜான்சன் இந்தியாவில் 2027 வரை நீட்டிக்கக் கேட்டபோது, இருவரும் சேர்ந்து 2019-இல் எதிர்மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உலகெங்கும் மற்றவர்களும் நெருக்கடி கொடுத்தார்கள். அதே ஆண்டில், சர்வதேசக் கொள்முதலில் ஆறு மாத மருந்தின் விலை 130 டாலருக்கு இறங்கியது. முன்பிருந்ததில் பாதிகூட இல்லை! இருவரும் வக்கீல்கள் அல்ல, நோயாளிகள். பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டிப் பேசினார்கள், அவ்வளவுதான்.

நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை என்பதையும் நம்ம சென்னைதான் உலகுக்குக் காட்டியது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வில், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. ஆனாலும் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இங்கே என்ன செய்யலாம்? நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். ஆனாலும் பொங்கல் விழா மேடையில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பதினைந்து நிமிஷம் குணமான ஒருவர் பேசலாம். அவர் தயாராக இருந்தால் மட்டும். யாரையும் வற்புறுத்தக் கூடாது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தாத்தா பாட்டிக்குத் துணையாக டாக்டரிடம் போகலாம். தமிழில் துண்டுப்பிரசுரம் வேண்டும் என்று நம் சங்கங்கள் சுகாதாரத் துறையிடம் எழுதிக் கேட்கலாம்.

முக்கியமாக இதைச் சொல்லுங்கள்: எந்த விசாவில் இருந்தாலும் இங்கே காசநோய் சிகிச்சை இலவசம். மூன்று வாரத்துக்கு மேல் இருமலா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, இரவில் வியர்க்கிறதா? ஹெல்த்லைனை 0800 611 116-இல் அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.