உயில் எழுதுவது அபசகுனம் இல்லை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என் பின்னக் கணக்கையே பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என் முதல் செட் மாணவர்களுக்கே இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நல்ல நிலைமையில் இருக்கிறீர்கள். ஆனால் "உயில் எழுதிட்டியாப்பா?" என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. "வாயில நல்ல வார்த்தை வரட்டும் சார்" என்கிறீர்கள். எல்ஐசி பாலிசியில் கையெழுத்துப் போடும்போது இந்தச் சகுனம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அதுவும் சாவை நினைத்துப் போடுகிற கையெழுத்துதான்.

"எனக்கு இருப்பதே ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள். அதுபாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்" என்பது இன்னொரு பதில். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டினார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான தாய். உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு மனைவிக்கு மட்டும் போகாது. தாய், மனைவி, மகன், மகள் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. இரண்டு வருடம் கழித்து அந்தத் தாயும் உயில் இல்லாமல் காலமாகிறார். அவருக்கு மொத்தம் மூன்று பிள்ளைகள் என்றால், அவருடைய கால் பங்கு மூன்றாகப் பிரியும். இறந்த மகனின் பங்கு பேரன் பேத்திக்கு வரும். மீதி, அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட வைக்காத சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் ஆளுக்கு 12இல் 1 பங்கு. நாளைக்கு மகள் கல்யாணத்துக்கு அந்த அம்மா வீட்டை விற்க நினைத்தால், கோயம்புத்தூர் சித்தப்பாவும் துபாய் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு விதவையை ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்கவைக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். வீடு யாருக்கு என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதும்.

இன்னொரு பக்கம், சட்டத்தின் கண்ணுக்கே தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை வீடுகளில் கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா ஒருத்தி தம்பியைப் படிக்கவைத்து, அவன் பிள்ளைகளையும் தூக்கி வளர்த்திருக்கிறாள்! தம்பிக்கு மனைவியோ பிள்ளைகளோ இருந்தால், அவன் சொத்தில் அந்த அக்காவுக்குச் சட்டப்படி ஒன்றுமே கிடையாது. "அக்கா உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம்" என்று உயிலில் எழுதிவைத்தால்தான் அவளுக்குப் பாதுகாப்பு. நன்றிக்கடனை மனதில் மட்டும் வைத்திருந்து பயனில்லை.

பெண் பிள்ளைகளே, இது உங்களுக்கு. நீங்கள் சம்பாதித்து வாங்கிய ஃபிளாட்டும் பணமும், உயில் இல்லையென்றால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற தாய் தகப்பனுக்கு அதற்குப் பிறகுதான். 2009இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைப் பாருங்கள். கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்துவிட்டான். புகுந்த வீட்டில் அந்தப் பெண்ணைத் துரத்திவிட்டார்கள். பெற்றோர் அவளைப் படிக்கவைத்தார்கள். வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாள், உயில் எழுதாமல் இறந்தாள். அவளுடைய பணம் கணவனுடைய சகோதரியின் மகன்களுக்குத்தான் என்று தீர்ப்பானது. அந்தத் தாயின் மேல் அனுதாபம் இருந்தாலும் சட்டம் அப்படி இருக்கிறது என்றது நீதிமன்றம். உங்கள் அம்மாவுக்கு அந்த நிலை வரக் கூடாது.

"நாமினி போட்டிருக்கேனே சார்" என்பீர்கள். போடுங்கள், அவசியம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம். ஆனால் வங்கிப் பணத்துக்கு நாமினி என்பவர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பாளர்தான். மற்ற வாரிசுகள் பங்கு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

உயிலையும் செட்டில்மெண்ட் பத்திரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்தால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடும். திரும்பப் பெறுவது பெரும்பாடு. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை விற்கலாம், மாற்றி எழுதலாம், கிழித்தும் போடலாம். "எழுதிக் கொடுத்துட்டா பிள்ளைங்க மதிக்க மாட்டாங்க" என்ற பயம் செட்டில்மெண்டுக்குப் பொருந்தும், உயிலுக்குப் பொருந்தாது.

எழுதுவது கஷ்டமே இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஆள் வேண்டும், அதனால் சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. கூடவே ஒரு தாளில் வங்கிக் கணக்கு, லாக்கர், பாலிசி, கைமாற்றாகக் கொடுத்தது, வாங்கியது எல்லாவற்றையும் எழுதி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்தென்றால் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும்.

மேலே சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கானது. கிறிஸ்தவ மாணவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம் மாணவர்கள் உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால், அது செல்ல வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மகள்களை ஒதுக்குவதற்காகவே உயில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "நகை போட்டுச் சீர் செஞ்சாச்சே" என்பார்கள். மகனுக்குக் கட்டிய காலேஜ் ஃபீஸை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் கொண்டுவந்தது, கல்யாணம் ஆகாத மகள்களுக்கு மட்டும். 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்த நியாயத்தைப் பேனாவால் பறிக்காதீர்கள். யாருக்காவது கூடக் குறைய எழுதினால், ஏன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். காரணம் தெரியாததால் வரும் மனவருத்தம்தான் பல வீடுகளில் கோர்ட் வரை போகிறது.

"என் பிள்ளைங்க சண்டை போட மாட்டாங்க சார்" என்பவர்களுக்கு: மிகவும் சந்தோஷம். அவர்கள் கடைசிவரை அப்படியே இருக்கட்டும் என்றால், நீங்கள் சொல்ல வேண்டியதை அவர்கள் ஊகிக்கும்படி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நம் பள்ளியில் படித்து வக்கீலானவர்கள் கீழே வந்து மற்றவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லுங்கள். மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். இது வீட்டுப்பாடம். அடுத்த முறை பார்க்கும்போது கேட்பேன்.