கழுதைக்கும் கறிக்கும் விதி உண்டு

ஆங்கிலப் பன்மைக்கும் உடைமைக்கும் ஒழுங்கே கிடையாது, தமிழ்ப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துதான் கரைசேர வேண்டும் என்ற பேச்சு புத்தளம் கரையோர வகுப்புகளிலும் புழங்குகிறது. பிள்ளைகளை வீணாக மிரட்டும் பேச்சு இது.

ஒழுங்கு இல்லை என்பதே தவறு. 'நெட்' பலவானால் 'நெட்ஸ்', 'பீச்' பலவானால் 'பீச்சஸ்'. கடைசி ஒலியே சீறும் ஒலியானால் நடுவில் ஓர் உயிர் நுழையும். மரம் 'மரங்கள்' ஆவதும் கல் 'கற்கள்' ஆவதும் இத்தகைய ஒலி ஏற்பாடுதான். எழுத்துக்கும் கணக்கு உண்டு. கற்பிட்டித் தெருக்களில் திரியும் கழுதைக்கு, அதாவது 'டொங்கி'க்கு, எஸ் மட்டும் போதும். அங்கே வை எழுத்துக்கு முன் இருப்பது உயிர். தமிழிலிருந்து போன 'கறி'யில் முன்னிருப்பது மெய். ஆகவே வை மறைந்து ஐ, இ, எஸ் மூன்றும் வரும். கட்டுமரமும் ஆங்கிலத்துக்குப் போய்க் 'கட்டமரன்ஸ்' என்று வழக்கமான எஸ் விதிக்குள் அடங்கிவிட்டது.

விலக்குகள் இருக்கின்றன, ஆனால் கொஞ்சம். 'மென்', 'சில்ட்ரன்', 'ஒக்ஸன்' போன்றவை பழைய ஆங்கிலம் விட்டுச் சென்றவை.

தாய்மொழி குறுக்கே நிற்கிறது என்பாருக்குக் கற்பிட்டியே பதில் வைத்திருக்கிறது. 1807இல் அங்கே பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் 'இலங்கை கசற்றியர்' என்ற இடவிவர நூலையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான 'தமிழ் புளூட்டாக்'கையும் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார்.

எண்ண முடியாத பெயர்கள் புதிர் என்பதும் பொருந்தாது. புத்தளம் உப்பளத்தில் யாரும் 'பத்து உப்பு' என்பதில்லை, பத்து மூட்டை உப்பு என்பார்கள். 'சால்ட்'டும் அப்படியே எஸ் ஏற்காமல் நிற்கும், மூட்டைதான் பன்மையாகும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'இருபது தேங்காய்' என்பது நல்ல தமிழ். எண்ணே பன்மையைக் காட்டிவிடுவதால் அஃறிணைக்குக் 'கள்' கட்டாயமில்லை. நன்னூலார் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார். ஆங்கிலமோ எண் வந்த பிறகும் 'கோக்கனட்ஸ்' என்று எஸ் கேட்கும். பிள்ளை எஸ்ஸை விடுவது சோம்பலால் அல்ல, தன் மொழியின் இலக்கணத்தை அங்கேயும் கொண்டுபோவதால். இந்த ஒரு வேறுபாட்டை வகுப்பில் விளக்கினால் நீண்ட பட்டியல்கள் தேவைப்படா. 'ஃபிஷ்' போன்ற சில சொற்கள் மட்டும் தமிழ் மீனைப்போல, பத்து வந்தாலும் பெரும்பாலும் மாறாது.

உடைமைக் குறிதான் எல்லாரையும் அச்சுறுத்துவது. தமிழில் படகு, கள், இன் என்று முதலில் பன்மையும் பிறகு வேற்றுமையும் சேரும். ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். ஒரு படகின் வலை என்றால் 'போட்' எழுதி, மேற்குறி இட்டு, எஸ் சேர்க்க வேண்டும். பல படகுகளின் வலை என்றால் 'போட்ஸ்' எழுதி முடித்துவிட்டுக் குறி. எஸ் ஏற்கெனவே இருப்பதால் இன்னொன்று வேண்டாம். மீனவர் பலரைக் குறிக்கும் 'ஃபிஷர்மென்' எஸ்ஸில் முடியாததால் குறியும் எஸ்ஸும் இரண்டும் கேட்கும். வெறும் பன்மைக்கு இந்தக் குறி தேவையில்லை. 'அதன்' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்'ஸுக்கும் குறி கிடையாது. 'ஹிஸ்', 'ஹேர்ஸ்' ஆகியவற்றுக்கும் கிடையாது.